மாற்றுதலும் அகற்றுதலும்: புளியந்தோப்பிலிருந்து ஒரு நகர வரலாறு

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பின் சுவர்களை ஊரே பார்த்தது. விரலால் சுரண்டினால் பூச்சு உதிர்ந்து கொட்டியது. புத்தம் புதிய அடுக்குமாடி. அரும்பாக்கத்தில் கூவம் கரையிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. தொலைக்காட்சி, சட்டமன்றம், நிபுணர் குழு என்று கொஞ்ச நாள் அமளியாக இருந்தது. எவ்வளவு மணல், எவ்வளவு சிமெண்டு என்பதோடு பேச்சு முடிந்தது. இந்தக் குடும்பங்கள் ஏன் அரும்பாக்கத்தில் இல்லை என்கிற கேள்வி, உதிர்ந்த பூச்சோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளப்பட்டுவிட்டது.

'யாரை எங்கே கொண்டுபோய் வைப்பது' என்கிற கேள்வியோடு புளியந்தோப்பின் பெயர் சேர்வது இது முதல் தடவை அல்ல. சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால், 1921 இல், இதே புளியந்தோப்பில்தான் அது மிக அப்பட்டமாகக் கேட்கப்பட்டது. நம் தொழிற்சங்க வரலாறுகளில் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகவே புரட்டிவிடுகிறோம்.

பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள். சுருக்கமாக பி அண்டு சி மில். 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் வாடியா, திரு.வி.க. பெயர்களும் எல்லாருக்கும் தெரியும். 1921 ஜூனில் வேலைநிறுத்தம் வருகிறது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் நிறுத்தத்தில் நிற்காமல் வேலைக்குப் போகிறார்கள். உடனே நமக்குக் கைவசம் ஒரு சொல் இருக்கிறது: 'கருங்காலி'. ஆனால் முந்தைய கதவடைப்பின்போது பட்டினி கிடந்தது யார், கடனுக்கு ஆள் இல்லாதவன் யார், ஊரில் ஒரு துண்டு நிலமோ திரும்பிப் போக ஒரு வீடோ இல்லாதவன் யார் என்று கேட்டால் அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வராது. சாதி இந்துத் தொழிலாளிக்கும் சேரித் தொழிலாளிக்கும் வேலைநிறுத்தம் ஒரே பொருளைத் தரவில்லை. வர்க்கம் என்று நாம் சொன்னது ஆலைக் கதவு வரைக்கும்தான் ஒன்றாக இருந்தது. கதவைத் தாண்டினால் ஒருவன் தெருவுக்குப் போனான், இன்னொருவன் சேரிக்குப் போனான்.

ஜூன் கடைசியில் புளியந்தோப்புச் சேரியில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மோதல்கள் மாதக்கணக்கில் நீடித்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அப்போது மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடருக்கு ரொம்பச் சலுகை காட்டுகிறது, அதனால்தான் இந்தக் கலவரம் என்று கட்சியின் பெரியவர்கள் பேசினார்கள். அமைதி திரும்ப வேண்டுமானால் ஆதிதிராவிடர்களைப் புளியந்தோப்பிலிருந்து எடுத்து நகரத்துக்கு வெளியே குடியேற்ற வேண்டும் என்று யோசனை சொன்னவர் கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் என்பது வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. எரிக்கப்பட்டது யார் வீடோ, அவனையே கிளப்பு என்பது யோசனை. எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு 1923 இல் விலகியதற்குப் பின்னால் இந்தப் புளியந்தோப்பு இருக்கிறது.

இதைச் சொல்வது நீதிக்கட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. இன்றைக்கு அந்த வேலைக்கு வேறு ஆட்கள் வேறு நோக்கத்தோடு தயாராக இருக்கிறார்கள், அவர்களோடு நமக்குப் பேச்சில்லை. நான் சொல்ல வருவது வேறு. நகரத்தில் ஒரு சிக்கல் எழுந்தால் சேரியை வெளியே நகர்த்துவதுதான் தீர்வு என்ற சிந்தனை, உலக வங்கி வருவதற்கும் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வருவதற்கும் ரொம்ப முன்னாலேயே இந்த ஊரில் தயாராக இருந்தது. பின்னால் வந்த மூலதனம் அதைக் கண்டுபிடிக்கவில்லை, எடுத்துக்கொண்டது.

தியாகராயர் பெயரில் ஒரு நகர் இருக்கிறதே, அதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1920களில் தியாகராய நகர் எழுந்தது எங்கே? மயிலாப்பூர் ஏரி, 'லாங் டேங்க்' என்று வெள்ளைக்காரன் எழுதிய நீண்ட ஏரியின் படுகையில். ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். பனகல் பூங்கா, உஸ்மான் ரோடு, நடேசன் தெரு, டாக்டர் நாயர் ரோடு என்று நீதிக்கட்சி முழுக்கத் தெருப் பெயர்களாக வந்து உட்கார்ந்தது. இந்த ஏரிக் குடியிருப்பை யாரும் 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று சொன்னதில்லை. அதற்குப் பெயர் 'நகர அமைப்பு'. 1920 இல் வந்த நகரமைப்புச் சட்டம் கையில் இருந்தது. ஏரிக்குள் இருப்பவன் யார் என்பதைப் பொறுத்து ஏரிக்குப் பெயர் மாறும். இதை மனதில் வைத்துக்கொள்வோம், திரும்ப வரவேண்டியிருக்கும்.

* * *

'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல்லை 1964 இல் உருவாக்கியவர் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர். லண்டனில் தொழிலாளர் குடியிருந்த தெருக்களில் நடுத்தர வர்க்கத்தார் ஒவ்வொரு வீடாக வாங்கிப் புதுப்பித்துக் குடியேறுவதையும், வாடகை ஏறிப் பழைய ஆட்கள் காணாமல் போவதையும் பார்த்து வைத்த கிண்டலான பேர் அது. 1979 இல் நீல் ஸ்மித் அதற்குப் பொருளாதார விளக்கம் தந்தார்: ஒரு நிலம் இப்போது தரும் வாடகைக்கும், வேறு உபயோகத்துக்கு மாற்றினால் தரக்கூடிய வாடகைக்கும் இடையே பள்ளம் பெரிதாகும்போது மூலதனம் திரும்பி வருகிறது. ஆட்கள் திரும்பி வருவதல்ல விஷயம், பணம் திரும்பி வருவது. இதற்கெல்லாம் முன்னாலேயே, 1872 இல், பாரிஸை ஓஸ்மான் இடித்துக் கட்டியதைச் சுட்டிக்காட்டி எங்கெல்ஸ் சொல்லியிருக்கிறார்: முதலாளி வர்க்கம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது.

இதற்குத் தமிழில் ஒரு சொல் கண்டுபிடிக்க நண்பர்கள் சிலர் முயன்றார்கள். 'கனவான்மயமாதல்', 'மேட்டுக்குடிமயமாக்கம்' என்றெல்லாம். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. சொல் மோசம் என்பதல்ல காரணம், நடப்பு வேறாக இருக்கிறது. சென்னையில் எந்த பேங்க் மானேஜர் ஒரு குடிசையை விலைக்கு வாங்கி வெள்ளையடித்துக் குடியேறினார்? இங்கே வாங்குபவன் வருவதற்கு முன்னால் அரசு வருகிறது. குடிசை போன இடத்தில் பெரும்பாலும் வீடுகூட வருவதில்லை. ஆற்றோர வேலி வருகிறது, நடைபாதைப் பூங்கா வருகிறது, மேம்பாலத்தின் ஒரு கால் வருகிறது. அந்த நிலத்தை யாரும் விற்கவில்லை, வாங்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி இருக்கிற பிளாட்டுகளின் விலை ஏறிவிடுகிறது. லண்டனில் வாடகை செய்த வேலையை இங்கே ஒரு நோட்டீஸ் செய்கிறது. அந்த நோட்டீஸில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்பதுதான் இங்கே படிக்க வேண்டியது.

* * *

1970 இல் கருணாநிதி ஆட்சியில் ஒரு வாரியம் அமைந்தது. 1971 இல் அதற்கான சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பேர் 'ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு'. தமிழில் 'குடிசை மாற்று வாரியம்'. ஐம்பது வருஷமாக இரண்டு பெயர்களையும் ஒரே பலகையில் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறோம். ஆங்கிலப் பலகை 'துடைத்து எடு' என்கிறது. தமிழ்ப் பலகை 'மாற்று' என்கிறது. குடிசையை என்னவாக மாற்றுவது? வீடாக. எங்கே? அதே இடத்தில். மொழிபெயர்ப்பில் ஏதோ நழுவிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த நழுவலில் ஒரு அரசியல் இருந்தது.

1967 இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வுக்குச் சென்னையின் குப்பங்களும் சேரிகளும் வெறும் ஓட்டு அல்ல, அதன் படிப்பகங்களும் மன்றங்களும் இருந்த இடம். கோடை வந்தால் குடிசைகள் எரியும், தீப்பிடிக்காத வீடு தருவோம் என்பது அன்றைய பேச்சு. 1971 கணக்கெடுப்பில் நகருக்குள் 1,202 குடிசைப் பகுதிகள் என்று பட்டியலிட்டு அவற்றைச் சட்டப்படி அறிவித்தார்கள். ஏழே வருஷத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்றார்கள். மாற்றவில்லை. ஆனால் நொச்சிக்குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் மீனவர்கள் கடலைவிட்டுப் போகாமலே மாடி வீட்டுக்குப் போனார்கள். பொந்து மாதிரி அறை, ஒழுகுகிற கூரை, அஞ்சு வருஷத்தில் விரிசல், எல்லாம் உண்மை. ஆனாலும் கீழே இறங்கினால் அதே கடல், அதே சந்தை, பாத்திரம் தேய்க்கிற அதே நாலு வீடு.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் வட்டத்தில் இந்தப் 'போர்டு வீடு'களை எப்படிப் பேசினோம்? கவர்ச்சி அரசியல், ஓட்டு வங்கி, சேரியை நாலு மாடிக்கு நிமிர்த்தி வைத்தது, அவ்வளவுதான் என்றோம். நானும் அப்படித்தான் எழுதினேன். செங்குத்தான சேரி என்ற உருவகம் அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்றைக்கு அதைத் திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஓட்டுக்காகச் செய்தான் என்பது சரிதான். ஆனால் அந்த ஓட்டு அந்த இடத்தில் இருந்ததால்தான் அவனை அந்த இடத்திலேயே வைத்தான். எண்ணிக்கையும் இடமும் ஒன்றாக இருந்தவரை சேரிக்கு நகரத்துக்குள் ஒரு பேரம் இருந்தது. இடத்தை விட்டுத் தூக்கினால் எண்ணிக்கை மட்டும் மிஞ்சும், பேரம் மிஞ்சாது. மேடைக் கவர்ச்சி என்று நாம் தள்ளியதற்குள் ஒரு உரிமை இருந்தது. அது பறிபோன பிறகுதான் அதற்கு 'நகரத்துக்கான உரிமை' என்று லெஃபெவ்ரிலிருந்து பேர் எடுத்து வைத்தோம்.

இதற்குப் பிறகான கதை வேகமாக ஓடுகிறது. 1977 இலும் 1980 இலும் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டங்கள் வந்தன. அடுக்கு மாடி கட்டித் தருவது செலவு, மனையும் குழாயும் கழிப்பறையும் கொடு, தவணையில் பணத்தை வசூல் செய் என்றது வங்கி. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனைகள் போடப்பட்டன. சிலருக்குப் பட்டா கிடைத்தது, நல்லதுதான். ஆனால் 'குடியிருப்பு' என்பது 'செலவை மீட்பது' என்ற கணக்குக்குள் வந்துவிட்டது. அதற்குள் வராத நிலம் 'ஆட்சேபகரமான' நிலம்: ஆற்றோரம், கால்வாயோரம், சாலையோரம், கடலோரம். இந்த 'ஆட்சேபகரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆட்சேபிப்பது யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

1985 இல் இரண்டு காரியங்கள் நடந்தன. எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகுபடுத்துகிறேன் என்று மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனது. டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, மீனவர்கள் செத்தார்கள். குப்பத்து ரசிகர் மன்றங்களின் தலைவராக இருந்தவர் ஆட்சியில் இது நடந்தது என்பதை எந்த அரசியல் விமர்சகனும் சரியாக விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. அதே வருஷம் அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதிகள் பட்டியலில் 17 சேர்க்கப்பட்டன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒரு இடம்கூடச் சேரவில்லை. நகரம் பெருத்துக்கொண்டே போனது, பட்டியல் 1,219 இல் நின்றது. சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதைத் திறக்காமல் வைத்தாலே போதும். பட்டியலில் இல்லாத சேரி, சட்டத்தின் கண்ணில் சேரி அல்ல, ஆக்கிரமிப்பு.

* * *

2000. ஜூலையில் தரமணியில் டைடல் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதே வருஷம் அதே பழைய மகாபலிபுரம் சாலையில், இன்னும் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்தில், கண்ணகி நகருக்கு ஆட்களை ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கின. கடைசியில் 15,656 வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரி, சுனாமிக்குப் பிறகு ஆறாயிரத்துக்கு மேல். அப்புறம் பெரும்பாக்கம், ஏறத்தாழ இருபதாயிரம். கணினிக் கம்பெனிகளும் மீள்குடியேற்றக் காலனிகளும் ஒரே சாலையில் ஒரே காலத்தில் வளர்ந்தன. கண்ணாடிக் கட்டடத்தின் தரையைத் துடைக்க ஆள் வேண்டும், அந்த ஆள் பக்கத்திலேயே இருந்தாலும் பார்வையில் படக்கூடாது. கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்று அங்குள்ள பிள்ளைகள் வேறு முகவரி சொல்லிப் பழகினார்கள். 2020 இல் கட்டடங்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து 'கலை மாவட்டம்' என்றார்கள். ஓவியம் நன்றாகவே இருக்கிறது. தண்ணீருக்கும் பேருந்துக்கும் மக்கள் பேசிக்கொண்டிருந்தது அந்தச் சுவர்களுக்குக் கீழேதான்.

பேர் விஷயத்தில் இன்னொன்று. நகரத்தை எரித்தவள் பெயரை, நகரத்திலிருந்து எடுத்தெறியப்பட்டவர்களின் காலனிக்கு வைத்தார்கள். வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள், தமிழ்ப் பெருமிதத்தில் வைத்த பேர். மெரினாவில் நின்ற கண்ணகி சிலையே 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. என்ன கிளர்ச்சி, எத்தனை கவியரங்கம்! 2006 இல் சிலை திரும்பவும் கடற்கரைக்கு வந்துவிட்டது. கண்ணகி நகர் ஆட்களில் ஒருத்தரையும் அப்படி யாரும் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலைக்கு ஒரு புதுச் சொல் கிடைத்தது: பாதுகாப்பு. ஆற்றங்கரையில் இருந்தால் மூழ்கிப்போவீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான். சரி, கொண்டுபோய் வைத்தது எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதியில், மழைக்குத் தண்ணீர் நிற்கிற செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் பிள்ளைகளோடு தூக்கினார்கள். எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த லாரியிலேயே நின்றுபோனது.

இங்கேதான் அந்த ஏரிக்குத் திரும்ப வேண்டும். 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று நீதிமன்றமும் அரசும் பத்திரிகையும் ஒரே குரலில் சொல்கிறபோது, பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே வரிசையாகத் தூண் இறக்கி நிற்கிற பறக்கும் ரயிலை என்ன சொல்வது? 1990களில் அரசே செய்த காரியம் அது. சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டை வளர்த்தது யார்? நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். கூவத்தில் ஓடுவது முக்கியமாகக் கரைக் குடிசைக்காரன் விட்ட நீரல்ல, முழு நகரத்தின் சாக்கடை. ஆனாலும் ஆறு நாறுகிறது என்றதும் நம் கண் குடிசை மேல் போகிறது. சுற்றுச்சூழல் என்ற நல்ல சொல்லுக்குள் 'தீட்டு' எப்போது வந்து ஒளிந்துகொண்டது என்று பசுமை இயக்க நண்பர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

* * *

புளியந்தோப்புக்கு வருவோம். பி அண்டு சி ஆலை 1996 இல் மூடப்பட்டது. 1921 இல் யார் உள்ளே போவது, யார் வெளியே நிற்பது என்று குடிசைகள் எரிந்ததே, அந்த ஆலையின் கதவு எல்லாருக்குமாகச் சாத்தப்பட்டது. நிலம் கைமாறியது. இன்று அங்கே நீச்சல்குளமும் காவலாளியும் கொண்ட உயரமான அடுக்குமாடிகள். நீல் ஸ்மித் சொன்ன பள்ளத்தை வடசென்னையில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பணம் திரும்பி வந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் கே.பி. பார்க், 1,920 வீடுகள், அதுவும் உயரமான அடுக்குமாடிதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நகரத்தின் ஒரே மாதிரிக் கட்டடங்கள். ஒன்றில் வந்து குடியேறுகிறார்கள், இன்னொன்றில் கொண்டுவந்து குடியேற்றப்படுகிறார்கள்.

பூச்சு உதிர்ந்த அதே 2021 இல் வாரியத்தின் பேரும் மாறியது: 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்'. 'குடிசை' என்பது இழிவான சொல், அதை எடுத்தது நல்லது என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு வேறு சந்தேகம். 'குடிசை'யோடு 'மாற்று'ம் போய்விட்டது. 'மாற்று' என்றால் எதை, எதுவாக, எங்கே என்று கேட்கலாம், சொல்லே அந்தக் கேள்விக்கு இடம் வைத்திருந்தது. 'மேம்பாடு' என்றால் என்ன கேட்பது? மேம்படுவது யார், அவர்கள் நின்ற நிலமா, அவர்களா?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற உத்தரவோடு இயந்திரங்கள் வந்து நின்றன. ஒரு மனிதர் தன் மேல் தீ வைத்துக்கொண்டு செத்தார். மைலாப்பூர் பக்கமே வீடு கொடுங்கள் என்பதுதான் அந்த மக்கள் கேட்டது. 1970 இல் அரசு தானாகச் சொன்னதை 2022 இல் கேட்டு வாங்க ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் மந்தைவெளி, மைலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு தருவோம், இனி மக்களைக் கலந்துகொண்டே அகற்றுவோம் என்று சட்டமன்றத்தில் வாக்குறுதி வந்தது. கலந்துகொண்டு அகற்றுவது. இந்தச் சொற்சேர்க்கையில் எதற்கு அழுத்தம் கொடுத்துப் படிக்கிறோம் என்பது இனிமேல்தான் தெரியும்.

இப்போது எழுபதுகளின் போர்டு வீடுகளையே இடித்து மறுபடி கட்டுகிறார்கள். நகரத்துக்குள், கடலுக்குப் பக்கத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இன்றைய விலையில் எண்ணிப் பார்க்க முடியாத நிலங்கள் அவை. கட்டி முடியும் வரை வெளியே இருக்கக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய். அந்தக் காசுக்குச் சென்னையில் எத்தனை மாத வாடகை என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒதுக்கீட்டுச் சீட்டு அப்பன் பேரில் இருக்கிறது, சில வீட்டில் பாட்டி பேரில். சில வீட்டில் அந்த ஆள் எப்போதோ கை மாற்றி விட்டுவிட்டுச் செத்தும்போனார், உள்ளே இருபது வருஷமாக இருப்பது வேறு குடும்பம். கணக்கெடுக்க வருகிற அதிகாரி பழைய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுகிறார். அதில் இல்லாத பேருக்கு என்ன செய்வது என்று அவருக்கும் இன்னும் உத்தரவு வரவில்லை.